ரோந்து வண்டி குற்றத்தைத் தடுக்கிறதா?

போலீஸ் வண்டி தெருத்தெருவாகச் சுற்றி வந்தால் குற்றம் குறையும் என்று காவல்துறைகள் நெடுங்காலம் நம்பின. ரோந்துக்கான ஆளும் செலவும் அந்த நம்பிக்கையின் பேரில்தான் ஒதுக்கப்பட்டன. அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தின் கன்சாஸ் சிட்டி காவல்துறை 1972 அக்டோபரில் அதைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தது. போலீஸ் ஃபவுண்டேஷன் என்ற ஆய்வு நிறுவனம் உடன் நின்றது. ஆய்வை ஜார்ஜ் கெல்லிங் வழிநடத்தினார்.

நகரின் தென்பகுதியில் 15 ரோந்துப் பகுதிகள் மூன்றாகப் பிரிக்கப்பட்டன. ஐந்தில் ரோந்தே கிடையாது. அழைப்பு வந்தால் மட்டும் வண்டி போகும். ஐந்தில் ரோந்து இரண்டு, மூன்று மடங்கானது. மற்ற ஐந்தில் பழையபடி ஒரு வண்டி. ஸ்டேஷனில் பதிவான வழக்குகளோடு கணக்கு நிற்கவில்லை. புகார் கொடுக்காமல் விடப்பட்ட குற்றங்கள், மக்களின் பயம், போலீஸ் மீதான திருப்தி ஆகியவையும் கருத்துக்கணிப்பால் அளக்கப்பட்டன. காவல்துறையின் பயனை அளப்பதில் இது பெரிய முன்னேற்றம்.

ஓராண்டு முடிவில் மூன்று வகைப் பகுதிகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. ரோந்து கூடியதையோ நின்றதையோ மக்கள் கவனிக்கக்கூட இல்லை. போலீஸே வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்வது தவறு. சோதிக்கப்பட்டது குறியின்றிச் சுற்றும் ரோந்து மட்டுமே.

பின்னர் மினியாபொலிஸ் நகரில் லாரன்ஸ் ஷெர்மன் குழு ஆராய்ந்தபோது, போலீஸுக்கு வந்த அழைப்புகளில் பாதி, சுமார் 3 சதவீத முகவரிகளிலிருந்தே வந்தது தெரிந்தது. அத்தகைய இடங்களில் ரோந்தைக் குவித்தபோது குற்ற அழைப்புகள் குறைந்தன.