கடல் கடந்து போக அனுமதிச் சீட்டு ஏன்?
பர்மா தமிழர்கள் கண்ட அனுபவம்

எண்ணூர் பக்கத்தில் எர்ணாவூர் இருக்கிறது. அங்கே ‘பர்மா நகர்’ என்று ஒரு பகுதி. பர்மாவில் இருந்து வந்த தமிழர்கள் குடியேறிய இடம் அது.

பர்மா எங்கே? எண்ணூர் எங்கே? நடுவில் வங்காள விரிகுடா அல்லவா கிடக்கிறது!

அந்தக் கதையைக் கேளுங்கள், குழந்தைகளே! நாடு விட்டு நாடு போக அரசாங்கம் ஏன் சீட்டு கேட்கிறது என்பது விளங்கும்.

ஒரே ஆட்சி

ஒரு காலத்தில் பர்மா இந்தியாவின் ஒரு மாகாணமாக இருந்தது. இரண்டையும் வெள்ளைக்காரர்களே ஆண்டார்கள். சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறினால் ரங்கூனில் இறங்கலாம். பாஸ்போர்ட் கிடையாது, விசாவும் கிடையாது. கூலி வேலைக்கும் வியாபாரத்துக்கும் தமிழர்கள் ஏராளமாகப் போனார்கள்.

1937 ஏப்ரல் 1-ந் தேதி பர்மா தனியாகப் பிரிந்தது. 1948 ஜனவரி 4-ந் தேதி சுதந்திரம் அடைந்தது. கடல் மாறவில்லை. ஆனால், அக்கரை அயல்நாடு ஆகிவிட்டது!

பாஸ்போர்ட், விசா

பாஸ்போர்ட் என்பது சொந்த நாடு கொடுப்பது. “இவர் எங்கள் நாட்டுக்காரர்” என்று அது சொல்லும்.

விசா என்பது போகிற நாடு கொடுப்பது. “நீங்கள் வரலாம். இத்தனை நாள் தங்கலாம்” என்று அது சொல்லும்.

வீட்டுக் கதவைத் தட்டுகிறவரை, “யார்? என்ன விஷயம்?” என்று அம்மா கேட்பது இல்லையா? அப்படித்தான் இதுவும். துறைமுகத்துக்கு வரும் வெளிநாட்டு மாலுமி, கப்பலை விட்டு ஊருக்குள் வருவதற்கும் அனுமதி பெற வேண்டும்.

வெறுங்கையுடன் வந்தார்கள்

பர்மாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர்கள் பலர், அந்த நாட்டின் குடியுரிமை பெறவில்லை. சட்டத்தின் கண்ணில் அவர்கள் அந்நியர்கள்.

1962-ல் ராணுவத் தளபதி நீ வின் ஆட்சியைப் பிடித்தார். 1964-ல் கடைகளை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாமல் போயின. பிழைக்க வழி இல்லாமல் லட்சக்கணக்கான இந்தியர்கள் வெளியேறினார்கள். சேர்த்த பணத்தையும் நகையையும் கொண்டுவர முடியவில்லை. பலர் கப்பலில் சென்னை வந்து சேர்ந்தார்கள்.

வியாசர்பாடியிலும் எர்ணாவூரிலும் குடியேறினார்கள். கடற்கரை ரெயில் நிலையம் அருகே கடை போட்டார்கள். அதுதான் பர்மா பஜார்! அவர்கள் கொண்டுவந்த ‘அத்தோ’ என்ற உணவு இன்றும் வடசென்னையில் விற்பனை ஆகிறது.

அந்த பர்மாவுக்கு இன்று மியான்மர் என்று பெயர். ரங்கூன், யாங்கோன் ஆகிவிட்டது. தாத்தாக்கள் சீட்டு இல்லாமல் போன ஊரைப் பார்க்க, பேரப்பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட்டும் விசாவும் வேண்டும்!