ரூல்ஸ் யாருக்கு சார்?

'வரவுக்குள் செலவு செய்!'

அப்பா நமக்குச் சொன்னதைத்தான், 2011-லிருந்து ஐரோப்பியக் கால்பந்து கிளப்புகளுக்கு யூஃபா சொல்லி வருகிறது. கேட்டார்களா?

இங்கிலாந்தின் பிரீமியர் லீகும் ஒரு கோடு கிழித்தது. மூன்று வருடத்தில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் கூடாது. எவர்ட்டன் தாண்டியது. 2023 நவம்பரில் 10 பாயிண்ட் கட்! அப்பீலில் அது 6 ஆனது. 2024 ஏப்ரலில் இன்னும் 2 போச்சு. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டுக்கு 4.

பெரிய இடத்துக் கதை வேறு.

மான்செஸ்டர் சிட்டிக்கு யூஃபா 2020-ல் இரண்டு வருடத் தடை, 3 கோடி யூரோ அபராதம் விதித்தது. விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனார்கள். சில புகார்கள் நிரூபணமாகவில்லை, சில காலாவதி! தடை ரத்து. அபராதம் 1 கோடியானது.

செல்சி இன்னும் கில்லாடி. 2023-ல் என்சோ ஃபெர்னாண்டஸை வாங்கியது சுமார் 10.7 கோடி பவுண்டுக்கு. ஒப்பந்தம் எட்டரை வருஷம். கணக்கில் வருஷத்துக்கு ஒண்ணேகால் கோடிதான் செலவு! நம்ம பைக் தவணை மாதிரி. யூஃபா விழித்துக்கொண்டு, 'இனி அஞ்சு வருஷம்தான்' என்றது. அடுத்து, தன் இரண்டு ஓட்டல்களைத் தன் சகோதரக் கம்பெனிக்கே விற்று லாபம் காட்டியது. பிரீமியர் லீக் தலையாட்டியது. யூஃபா ஒப்பவில்லை, 2025-ல் 3.1 கோடி யூரோ அபராதம்.

அபராதம் பணக்காரனுக்குச் செலவுக் கணக்கில் இன்னொரு வரி. பாயிண்ட் போனால்தான் வலிக்கும். அந்த வலி இதுவரை யாருக்கு? நடுத்தர வர்க்கத்துக்கு!

அட, நம்ம ஆபீஸ் மாதிரியே இருக்கே!