புதிய குதிரை வருகிறது: தடுப்பூசி யாருக்கு?

ஒரு குதிரை லாயம் உங்கள் பொறுப்பில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஐந்து குதிரைகள் உள்ளன. ஆறாவது குதிரை ஒன்று விரைவில் வரப்போகிறது. "அதற்குத் தடுப்பூசி போட்டாகிவிட்டது" என்கிறார் விற்பவர். அப்படியானால் உங்கள் ஐந்து குதிரைகளுக்கும் தடுப்பூசி தேவையில்லையா?

ஆஸ்திரேலியாவில் 2007ஆம் ஆண்டு நடந்ததைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

அந்நாட்டில் அதுவரை குதிரைச் சளிக்காய்ச்சல் பரவியதில்லை. அதனால் அங்குள்ள குதிரைகளுக்குப் பொதுவாக அதற்கான தடுப்பூசி போடப்படவில்லை. ஆகஸ்ட் மாதம் ஜப்பானிலிருந்து வந்த சில குதிரைகள் சிட்னியில் உள்ள தனிமைப்படுத்தும் நிலையத்தில் வைக்கப்பட்டன. அவை தடுப்பூசி போட்டவைதான். ஆனாலும் அவற்றுடன் கிருமியும் வந்துவிட்டது. நிலையத்துக்குச் சென்று வந்தவர்களின் உடையிலோ கருவிகளிலோ ஒட்டிக்கொண்டு அது வெளியேறியிருக்கக்கூடும் என்று விசாரணை ஆணையம் பின்னர் தெரிவித்தது. சில மாதங்களில் 70,000க்கும் அதிகமான குதிரைகளை நோய் தொற்றியது. சிட்னியில் குதிரைப் பந்தயங்கள் நின்றுபோயின.

தடுப்பூசி போட்ட குதிரையிலிருந்து நோய் எப்படிப் பரவும்? தடுப்பூசி, கிருமியை அடையாளம் காண உடலைப் பழக்குகிறது. அதனால் உருவாகும் எதிர்ப்பொருள்கள் நோயின் கடுமையைக் குறைக்கின்றன. ஆனால், மூக்கிலும் தொண்டையிலும் கிருமி சில நாள்கள் பெருகுவதை அவை எப்போதும் முழுமையாகத் தடுப்பதில்லை. குதிரை இருமாது, காய்ச்சலும் இராது. ஆயினும் அதன் மூச்சுக்காற்றில் கிருமி இருக்கலாம். எதிர்ப்புச் சக்தி இல்லாத உங்கள் ஐந்து குதிரைகளுக்கு அதுவே ஆபத்து.

எனவே தடுப்பூசி இரு தரப்புக்கும் தேவை. அதையும் முன்கூட்டியே போட வேண்டும். முதன்முறை போடும்போது சில வார இடைவெளியில் இரண்டு ஊசிகள் தேவைப்படும். எதிர்ப்புச் சக்தி உருவாகவும் ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். புதிய குதிரை வந்து இறங்கும் நாளில் ஊசி போட்டால் காலம் கடந்துவிடும்.

அடுத்தது தனிமைப்படுத்துதல். புதிய குதிரையை இரண்டு முதல் மூன்று வாரம் தனியே வையுங்கள். அதற்குத் தனி வாளி, தனித் தூரிகை கொடுங்கள். மற்றக் குதிரைகளைக் கவனித்த பிறகு கடைசியாக அதனிடம் செல்லுங்கள். தினமும் அதன் உடல் வெப்பத்தை அளந்து எழுதுங்கள். 38.5 பாகை செல்சியசைத் தாண்டினால் கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

எல்லாத் தடுப்பூசிகளையும் புதிய வரவுடன் தொடர்புபடுத்த வேண்டியதில்லை. இசிவு நோய்க்கிருமி மண்ணில் வாழ்வது. காயத்தின் வழியாக உடலுக்குள் செல்வது. அது குதிரைக்குக் குதிரை தொற்றாது. ஆகவே, தனியாக வாழும் குதிரைக்கும் அந்த ஊசி அவசியம்.

ஆஸ்திரேலியா அந்த நோயை எப்படி ஒழித்தது தெரியுமா? குதிரைகளை இடம்விட்டு இடம் கொண்டுசெல்லத் தடை விதித்தது. நோய் பரவிய வட்டாரங்களைச் சுற்றித் தடுப்பூசி போட்டது. இரண்டையும் சேர்த்துச் செய்ததால் அந்த ஆண்டு முடிவதற்குள் பரவல் நின்றது.

இப்போது சொல்லுங்கள்: விற்பவருக்கு உங்கள் பதில் என்ன?