கையில் போனோடு நூலகத்துக்குப் போகலாம்: பதின்ம வயதினருக்கு ஒரு வழிகாட்டி

உங்க வீட்டுல எட்டாவதுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் ஏதாவது ஒரு வகுப்புல படிக்கிற பிள்ளை இருக்கா? அப்படின்னா இந்தக் காட்சி உங்களுக்குப் புதுசு இல்ல. ஸ்கூல் விட்டு வந்ததும் போன். சாப்பிடும்போதும் போன். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டு, "அதை வெச்சுட்டு ஒரு புத்தகத்தை எடுத்துப் படியேன்"னு சொல்றோம். "எந்தப் புத்தகம்?"னு பிள்ளை திருப்பிக் கேட்டா, நம்மகிட்ட பதில் இல்ல.

அந்தப் பதிலில் பாதி உங்கள் ஊர் நூலகத்தில் இருக்கிறது. மீதிப் பாதி, நீங்கள் பிடுங்கி வைக்க நினைக்கும் அதே போனில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது எப்படி என்று பார்ப்போம்.

நடுவில் விட்டுப்போகும் வயது

சின்னக் குழந்தைகளை நூலகத்துக்குக் கூட்டிப்போகிறோம். படப் புத்தகம், கதைப் புத்தகம் எல்லாம் இருக்கிறது. கல்லூரி முடித்தவர்கள் போட்டித் தேர்வுக்குப் படிக்க வருகிறார்கள். காலையில் செய்தித்தாள் படிக்கப் பெரியவர்கள் வருகிறார்கள். 13 வயதிலிருந்து 17 வயது வரை உள்ளவர்கள்தான் இடையில் காணாமல் போகிறார்கள். குழந்தைகள் பிரிவில் உட்கார அவர்களுக்குக் கூச்சம். போட்டித் தேர்வு மேசையில் அவர்களுக்கு இன்னும் வேலை இல்லை.

ஆனால் பத்தாவது முடித்து எந்த குரூப் எடுப்பது என்று முடிவு செய்வது இந்த வயதில்தான். சொந்தமாக சமூக ஊடகக் கணக்கு தொடங்குவதும், வருகிற செய்தியை நம்புவதா வேண்டாமா என்று தனியாக முடிவெடுக்க ஆரம்பிப்பதும் இந்த வயதில்தான். மார்க் போடாத, திட்டாத ஒரு இடம் அவர்களுக்குத் தேவைப்படுகிறது. நூலகம் அப்படிப்பட்ட இடம்.

நீங்க ஏற்கெனவே கட்டிய பணம்

உங்கள் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது. ஒரு ரூபாய் சொத்து வரிக்கு 10 காசு. 2,000 ரூபாய் வரி என்றால், 200 ரூபாய் நூலகத்துக்குப் போகிறது. வாடகை வீட்டில் இருந்தாலும், நீங்கள் தரும் வாடகையில் அதற்கும் ஒரு பங்கு இருக்கிறது.

இந்த ஏற்பாட்டுக்கு அடிப்படை, 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம். சுதந்திர இந்தியாவில் பொது நூலகத்துக்காக முதலில் சட்டம் இயற்றியது நம் மாநிலம்தான். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் இதற்காகப் பல ஆண்டுகள் உழைத்தார். இன்று மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என்று 4,500-க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இயங்குகின்றன. வரி கட்டிவிட்டு, சேவையை வாங்காமல் விடுவது நமக்குத்தானே நஷ்டம்?

ஒரு உதாரணம்: பொன்னியின் செல்வன்

படம் பார்த்துவிட்டு, "கதையை முழுசா படிக்கணும்" என்று உங்கள் பிள்ளை சொல்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து என்ன செய்வான்? போனில் தேடுவான். ஏதோ ஒரு டெலிகிராம் குழு வரும். ஏதோ ஒரு இணையதளம், "இந்த ஆப்பை இன்ஸ்டால் செய்தால்தான் டவுன்லோடு" என்று சொல்லும். சிக்கல் அங்கிருந்துதான் தொடங்கும்.

இதற்கு நேர்வழியே இருக்கிறது. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம், அதில் சட்டச் சிக்கல் கிடையாது. 1998-இல் தன்னார்வலர்கள் தொடங்கிய 'மதுரைத் திட்டம்' தளத்தில் இந்த நாவல் முழுமையாக இருக்கிறது. முதல் சில அத்தியாயங்களைப் போனிலேயே படிக்கட்டும். பிடித்துவிட்டதா? ஐந்து பாகங்களையும் சின்னத் திரையில் படித்தால் கண் வலிக்கும். அப்போது நூலகத்துக்குப் போய் அச்சுப் புத்தகத்தை எடுத்துவரட்டும். இந்த வரிசையில் போனால் போன் எதிரி இல்லை, புத்தகத்துக்கு வாசல்.

ஒரு விஷயத்தை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். எல்லாப் புத்தகமும் இப்படி இல்லை. எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை காப்புரிமை உண்டு. இன்று எழுதிக்கொண்டிருப்பவர்களின் புத்தகத்தை அனுமதி இல்லாமல் பி.டி.எஃப். ஆக்கிப் பரப்புவது திருட்டு. அந்தப் புத்தகங்களைக் காசு செலவில்லாமல் படிக்கச் சரியான இடம் நூலகம்தான்.

போனில் இருக்க வேண்டிய மூன்று

தமிழ் மின் நூலகம்: தமிழ் இணையக் கல்விக்கழகம் நடத்துவது. பழைய நூல்கள், பருவ இதழ்கள், சுவடிகள் எல்லாம் படிக்கக் கிடைக்கும். கட்டணம் இல்லை. தமிழில் பெயரைத் தட்டச்சு செய்து தேடினாலே போதும்.

இந்திய தேசிய மின் நூலகம்: மத்திய அரசின் திட்டம். காரக்பூர் ஐ.ஐ.டி. ஒருங்கிணைக்கிறது. பள்ளிப் பாடம், நுழைவுத் தேர்வு, ஆராய்ச்சி என்று நிலை வாரியாகத் தேடலாம். செயலியும் உண்டு.

டிக்‌ஷா: அரசுப் பாடப்புத்தகத்தில் கட்டம் கட்டமாக க்யூ.ஆர். குறியீடு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்தச் செயலியால் ஸ்கேன் செய்தால், அந்தப் பாடத்துக்கான வீடியோவும் பயிற்சியும் வரும்.

ஃபார்வர்டு செய்தியைச் சோதிக்கும் இடம்

"நாளைக்கு எல்லா ஸ்கூலுக்கும் லீவு", "தேர்வுத் தேதி மாத்திட்டாங்க". மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி சுற்றும் செய்திகள் இவை. நம்பிப் பரீட்சைக்குப் போகாமல் இருந்துவிட்டால், யார் பொறுப்பு?

நூலகத்தில் ஒரே நாளின் பல செய்தித்தாள்கள் ஒரே மேசையில் கிடக்கும். ஒரு செய்தியை எடுத்து, மூன்று நாளிதழ்களில் அது எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். தலைப்பு எப்படி மாறுகிறது? யார் சொன்னதாகப் போட்டிருக்கிறார்கள்? எதிர்த்தரப்பின் கருத்து இருக்கிறதா? கால் மணி நேர வேலைதான். இரண்டு மூன்று முறை செய்தால், ஆதாரம் இல்லாத செய்தியைப் பார்த்ததும் சந்தேகப்படும் பழக்கம் தானாக வந்துவிடும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளுக்கும் இதே சோதனை வேண்டும். ப்ராஜெக்டுக்காகக் கேள்வி கேட்டால் அவை சரளமாகப் பதில் தரும். சில நேரம் இல்லாத புத்தகத்தின் பெயரையும் ஆசிரியரையும் உண்மை போலவே சொல்லும். செயலி சொன்ன புத்தகப் பெயரை நூலகரிடம் காட்டித் தேடச் சொல்லுங்கள். கிடைத்தால் நல்லது. நூலகப் பட்டியலிலும் இணையத்திலும் எங்குமே இல்லை என்றால், அந்தப் பதிலின் மற்ற வரிகளையும் அப்படியே எழுதக் கூடாது.

உறுப்பினர் ஆவது எப்படி?

உள்ளே உட்கார்ந்து படிக்க உறுப்பினராக வேண்டியதில்லை. புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போகத்தான் உறுப்பினர் அட்டை தேவை. அருகிலுள்ள நூலகத்தில் விண்ணப்பம் வாங்குங்கள். முகவரிச் சான்றின் நகலோடு, திரும்பக் கிடைக்கும் சிறு வைப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும் கட்ட வேண்டும். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கூடப் போவது நல்லது.

பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். உங்கள் ஊர் நூலகத்தின் நேரத்தை வாசல் பலகையில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கணினி, வைஃபை வசதி எல்லா நூலகத்திலும் இருக்காது. அதையும் கேட்டுக்கொண்டு போனால் ஏமாற்றம் இல்லை.

விடுமுறையில் வாய்ப்பு கிடைத்தால் பெரிய நூலகங்களுக்குக் கூட்டிப்போங்கள். சென்னை கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கவே தனிப் பிரிவு உண்டு. பார்வைத் திறன் குறைந்தவர்களுக்கு பிரெய்ல் பிரிவு உண்டு. மதுரையில் 2023 ஜூலை 15 அன்று கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. எழும்பூரில் உள்ள கன்னிமாரா நூலகம் 1896-இல் தொடங்கியது. இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பிரதி சட்டப்படி அனுப்பப்படும் நான்கு நூலகங்களில் அதுவும் ஒன்று.

பாதுகாப்புக்குச் சில வார்த்தைகள்

நூலகக் கணினியில் மெயில் பார்த்தால், எழுந்திருக்கும் முன் லாக் அவுட் செய்ய வேண்டும். பொது வைஃபையில் பணப் பரிமாற்றம் வேண்டாம். யார் போன் செய்து ஓ.டி.பி. கேட்டாலும் சொல்லக் கூடாது.

இணையத்தில் பணம் பறிபோனால் உடனே 1930. யாராவது படத்தை வைத்து மிரட்டினாலோ, தொந்தரவு செய்தாலோ 1098 குழந்தைகள் உதவி எண். "வீட்டுல தெரிஞ்சா போனைப் பிடுங்கிடுவாங்க" என்ற பயத்தில்தான் பல பிள்ளைகள் வாயைத் திறப்பதில்லை. என்ன நடந்தாலும் எங்ககிட்ட சொல்லலாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வர்ற ஞாயிற்றுக்கிழமை

ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. போன் கையிலேயே இருக்கட்டும். எந்தப் புத்தகம் எடுக்கணும்னு பிள்ளையே முடிவு செய்யட்டும். கிரிக்கெட்டோ, பேய்க் கதையோ, சமையலோ, அது அவங்க விருப்பம். தேடியது கிடைக்கலேன்னா, அந்தப் பேரை ஒரு தாளில் எழுதி நூலகர்கிட்ட கொடுக்கச் சொல்லுங்க. வாசகர் வட்டம் இருக்கான்னும் கேளுங்க. இந்த வயசுப் பிள்ளைகள் வந்து கேட்கக் கேட்கத்தான், அவங்களுக்கான புத்தகங்கள் அலமாரிக்கு வரும்.