பீப்பாயின் வயதும் லேபிளின் வயதும்

கரும்புச் சாற்றையோ, சர்க்கரை ஆலையில் எஞ்சும் மொலாசஸையோ நொதிக்கவைத்து வடித்தால் கிடைப்பது ரம். வடிகலனிலிருந்து இறங்கும்போது அது தண்ணீர்போல் நிறமற்றுத்தான் இருக்கும். உட்பக்கம் கருக்கிய ஓக் மரப் பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் கிடந்த பிறகே அதற்குப் பொன்னிறம் ஏறுகிறது. மரத்திலுள்ள லிக்னின் சிதைந்து வெனிலா மணத்தைத் தருகிறது. ஓக் லாக்டோன் தேங்காயை நினைவூட்டும், யூஜெனால் கிராம்பை நினைவூட்டும். டானின் துவர்ப்பைச் சேர்க்கிறது. மரத்தின் துளைகள் வழியே மெல்லக் கசியும் காற்று, புதுச் சரக்கின் முரட்டுக் காரத்தைத் தணிக்கிறது.

இந்த வேலை நடக்கும் வேகத்தை வெயில்தான் தீர்மானிக்கிறது. ஸ்காட்லாந்தின் குளிரில் விஸ்கிப் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிப் போகும். ஜமைக்கா, பார்படோஸ் போன்ற கரீபியன் தீவுகளில் 6 சதவீதமோ அதற்கு மேலோ போவது சாதாரணம். ஆண்டுக்கு 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 200 லிட்டர் ஊற்றிய பீப்பாயில் 12 ஆண்டு கழித்து ஏறத்தாழ 95 லிட்டர்தான் மிஞ்சும். 23 ஆண்டு கழித்து 50 லிட்டருக்கும் குறைவு. வெப்ப நாட்டிலேயே இருபது ஆண்டுக்கு மேல் முதிர்ந்த ரம் என்று சொல்லப்படும் ஒரு புட்டி மலிவாகக் கிடைக்கிறதென்றால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

லேபிளில் உள்ள எண்ணுக்கு நாட்டுக்கு நாடு பொருள் வேறு. ஜமைக்காவின் வழக்கில், கலவையில் உள்ள மிக இளைய ரம்மின் வயதையே போட வேண்டும். 12 என்று போட்டிருந்தால், அதில் ஒரு சொட்டுகூட 12 ஆண்டுக்குக் குறைந்ததாக இருக்கக்கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. அந்த முதிர்வு வரி அதிகாரிகளின் கண்காணிப்பிலோ, அதற்கு இணையான உத்தரவாதத்தோடோ நடந்திருக்க வேண்டும் என்றும் நிபந்தனை போடுகிறது. பிரான்ஸின் ஆட்சியிலுள்ள மார்த்தினிக் தீவு இன்னும் ஒரு படி மேலே போய், 1996 முதல் தன் கரும்புச்சாற்று ரம்முக்குத் தனி விதித்தொகுப்பே வைத்திருக்கிறது. அங்கே 'வியூ' (முதிர்ந்தது) என்று போட வேண்டுமானால் குறைந்தது 3 ஆண்டு ஓக் பீப்பாயில் இருந்திருக்க வேண்டும்.

சிக்கல் தொடங்குவது 'சொலேரா' முறையில். ஸ்பெயினின் ஷெர்ரி மதுவிலிருந்து வந்த முறை இது. பீப்பாய்களைப் பல அடுக்குகளாகப் பிரித்து, கடைசி அடுக்கிலிருந்து ஒரு பகுதியை எடுத்துப் புட்டியில் அடைப்பார்கள். எடுத்த அளவுக்கு முந்தைய அடுக்கிலிருந்து நிரப்புவார்கள். முதல் அடுக்கில் புதுச் சரக்கு சேரும். மூன்று அடுக்குகள், ஆண்டுக்கு ஒருமுறை பாதியை எடுப்பது என்று கணக்கிட்டால், ஒவ்வோர் அடுக்கிலும் சரக்கு சராசரியாக இரண்டு ஆண்டு தங்கும். ஆக, புட்டிக்கு வரும் ரம்மின் சராசரி வயது ஆறு. அந்த வரிசையை 23 ஆண்டுக்கு முன் தொடங்கியிருந்தாலும், நூறாண்டுக்கு முன் தொடங்கியிருந்தாலும் சராசரி ஆறுதான். முதல் நாள் ஊற்றிய ரம்மின் சுவடு எங்கோ கொஞ்சம் ஒட்டியிருக்கும், அவ்வளவே. முறையில் குற்றமில்லை, நல்ல சுவையைத் தரக்கூடியது. ஆனால் அதிலுள்ள மிக முதிய துளியின் வயதைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, அந்த எண்ணின் பொருளைச் சொல்லாமல் விடுவது வாங்குபவருக்குச் செய்யும் அநியாயம். குவாத்தமாலாவின் ஸகாபா ரம் இதற்குத் தெரிந்த உதாரணம். முன்பு அதன் லேபிளில் '23 ஆண்டு' என்றே இருந்தது. பிறகு 'சிஸ்தேமா சொலேரா 23' என மாறியது. 6 முதல் 23 ஆண்டு வரை முதிர்ந்த ரம்களின் கலவை என்று அந்நிறுவனமே சொல்கிறது. இளையதை வைத்து எண்ணும் வழக்கப்படி அது 6 ஆண்டு ரம்.

எண்ணுக்குப் பக்கத்தில் 'ஆண்டு' என்ற சொல் இருக்கிறதா என்று பார்ப்பது எப்போதும் பயன் தரும். வெறும் எண், தோட்டம் தொடங்கிய ஆண்டாக இருக்கலாம்: வெனிசுவேலாவின் சாந்தா தெரேசா 1796 அப்படித்தான். நம்மூர்க் கடைகளில் காணும் மூன்று எக்ஸ் அடையாளத்துக்கும் வயதோடு தொடர்பில்லை. 'ரிசர்வ்', 'வெரி ஓல்ட்' போன்ற சொற்களும் பல நாடுகளில் வெறும் அலங்காரமே. முதிர்ந்த இடமும் முக்கியம். கரீபியனில் வடித்து, கப்பலில் இங்கிலாந்து கொண்டுபோய் அங்கே 15 ஆண்டு வைத்த ரம்மின் வயது உண்மைதான். ஆனால் மரத்தின் சாரம் அதில் இறங்கியிருக்கும் அளவு, ஜமைக்காவிலேயே 15 ஆண்டு கிடந்ததை எட்டாது. நேர்மையான லேபிள்கள் வெயிலில் எத்தனை ஆண்டு, குளிரில் எத்தனை ஆண்டு என்று தனித்தனியே சொல்லிவிடுகின்றன.

சுவைத்துப் பார்ப்பவர் வயதை எண்ணிவிட முடியாது. மரம் செய்த வேலையை அறியலாம். மரத்தின் பெயரில் பிறகு சேர்த்ததையும் ஓரளவு அறியலாம். நிறத்தை நம்பவே கூடாது, காரமெல் சாயம் ஒரு நொடியில் இருபது ஆண்டு நிறத்தைக் கொடுத்துவிடும். வாய் குறுகிய கோப்பையில் கொஞ்சம் ஊற்றிச் சில நிமிடங்கள் விட்டு, மூக்கைச் சற்றுத் தள்ளி வைத்தே முகர வேண்டும். அழுத்தி முகர்ந்தால் ஆல்கஹாலின் காரம் மற்ற மணங்களை மறைத்துவிடும். பழுத்த அன்னாசி, அழுகும் தறுவாயிலுள்ள வாழைப்பழம் போன்ற பலத்த மணம் வந்தால் அதை முதுமை என்று எண்ணிவிடக் கூடாது. அது நொதித்தலில் பிறக்கும் எஸ்டர் என்ற மணப்பொருள். ஜமைக்காவின் ஹாம்ப்டன் ஆலையில் நீண்ட நொதித்தலும் வடித்து எஞ்சிய கழிவுநீரான 'டண்டர்' சேர்ப்பும் இதை உச்சத்துக்குக் கொண்டுபோகின்றன. பீப்பாயையே காணாத ரம்மிலும் அது இருக்கும். மரத்தின் அடையாளம் துவர்ப்பு. விழுங்கியபின் ஈறுகள் லேசாகப் பிடிப்பதும், உலர்ந்த கசப்பு நெடுநேரம் நிற்பதும் உண்மையான முதிர்வோடு சேர்ந்தே வருபவை. வெனிலா மணம் தூக்கலாக இருந்து, துவர்ப்பு சிறிதும் இல்லாமல், உதடு பிசுபிசுத்தால் சர்க்கரையைச் சந்தேகிக்கலாம்.

அந்தச் சந்தேகத்தை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு தேக்கரண்டி ரம்மைத் தட்டில் ஊற்றி ஓரிரு நாள் விட்டுவிட வேண்டும். சர்க்கரை சேர்த்திருந்தால் ஒட்டும் படலம் தங்கும். சேர்க்காததில் மெல்லிய கறை மட்டுமே. ஆல்கஹால்மானி இன்னும் துல்லியமானது. சர்க்கரை திரவத்தின் அடர்த்தியைக் கூட்டுவதால் மானி ஆல்கஹாலைக் குறைத்துக் காட்டும். லேபிளில் 40 சதவீதம் என்று இருந்து, 20 டிகிரி செல்சியஸில் மானி 35 காட்டினால் லிட்டருக்குச் சுமார் 20 கிராம் சர்க்கரை இருக்கிறது என்று பொருள். ஐரோப்பியச் சட்டம் ரம்முக்கு அனுமதிக்கும் உச்ச அளவும் அதுவே. பார்படோஸின் ஃபோர்ஸ்கொயர் ஆலையை நடத்தும் ரிச்சர்ட் சீல் இத்தகைய சேர்ப்புகளுக்கு எதிராகப் பல ஆண்டுகளாகப் பேசிவருபவர். பீப்பாயும் காலமும் கொடுக்க வேண்டியதைச் சர்க்கரை கொடுக்கும்போது, பொறுமையோடு காத்திருந்த ஆலைதான் நஷ்டப்படுகிறது.

ஏலத்துக்கு வரும் பழைய புட்டிகளுக்கு ஆய்வகச் சோதனை உண்டு. 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன்-14 அளவை ஏறத்தாழ இரட்டிப்பாக்கின. 1963க்குப் பிறகு அது படிப்படியாக இறங்கியது. கரும்பு தான் வளர்ந்த ஆண்டுகளின் காற்றையே உண்பதால், அதிலிருந்து வடித்த ஆல்கஹாலும் அந்தக் காலத்தின் அளவைத் தாங்கியிருக்கும். 2018இல் ஸ்காட்லாந்து ஆய்வகம் ஒன்று இப்படி 55 அரிய விஸ்கிப் புட்டிகளைச் சோதித்தபோது, 21 புட்டிகள் போலியாகவோ, சொல்லப்பட்ட ஆண்டில் வடிக்கப்படாதவையாகவோ இருந்தன. ரம்முக்கும் இதே வழி பொருந்தும். எனினும் கார்பன் சொல்வது கரும்பு வளர்ந்த காலத்தை மட்டுமே. வடித்த ரம் இருபது ஆண்டு மரப் பீப்பாயில் கிடந்ததா, எஃகுத் தொட்டியில் கிடந்ததா என்பதை அது சொல்லாது. அதற்குச் சாட்சி, சுங்க அதிகாரியின் கண்காணிப்பிலுள்ள கிடங்கில் பீப்பாய் எண்ணோடு எழுதிவைத்த பதிவேடு.