தீவிர ஒவ்வாமை: முதலில் போட வேண்டிய ஊசி எது?

கதண்டு கொட்டியவர், உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போட்டுக்கொண்டவர், இறால் தொக்கு சாப்பிட்டவர்: இந்த மூவருக்கும் ஒரே வகையான ஆபத்து வரலாம். உடம்பெங்கும் தடிப்பு, முக வீக்கம், மூச்சிரைப்பு, தலைசுற்றல் எனத் தொடங்கி, ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே உலை வைக்கும் இந்த நிலையை மருத்துவர்கள் ‘அனபிலாக்சிஸ்’ என்கிறார்கள். இதற்கு உயிர்காக்கும் மருந்து விலை குறைந்தது. பெரும்பாலான மருத்துவமனைகளில் இருப்பது. அதை எவ்வளவு சீக்கிரம் போடுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

உடலுக்குள் நடப்பது என்ன?

ஒருமுறை உள்ளே வந்த பொருளை எதிரி என்று நம் நோய் எதிர்ப்பு மண்டலம் தவறாகக் குறித்துவைத்துக்கொள்கிறது. அதே பொருள் மறுபடி வரும்போது ‘மாஸ்ட்’ செல்கள் ஹிஸ்டமின் முதலான ரசாயனங்களை ஒரே மூச்சில் கொட்டுகின்றன. ரத்தக் குழாய்கள் விரிந்து, அவற்றிலுள்ள நீர் திசுக்களுக்குள் கசிகிறது, மூச்சுக் குழாய்கள் சுருங்குகின்றன, தொண்டை வீங்குகிறது.

பிரெஞ்சு விஞ்ஞானி சார்லஸ் ரிஷே, பால் போர்த்தியேவுடன் சேர்ந்து 1902-ல் இதை விளக்கினார். கடல் சாமந்தியின் நஞ்சை ஏற்கெனவே தாங்கிக்கொண்ட நாய்கள், சில வாரங்கள் கழித்து அதே நஞ்சைச் சிறிதளவு செலுத்தியதும் இறந்தன. இந்த ஆய்வுக்காக ரிஷேவுக்கு 1913-ல் நோபல் பரிசு கிடைத்தது. ‘போன தடவை இந்த மருந்து ஒன்றும் செய்யவில்லையே’ என்ற நம்பிக்கை ஏன் போதாது என்பதற்கு இதுவே விளக்கம்.

அடையாளம் காண்பது எப்படி?

தோலில் தடிப்பும் அரிப்பும் வந்து, அதோடு மூச்சுத் திணறலோ ரத்த அழுத்தச் சரிவோ தொடர் வாந்தியோ சேர்ந்தால் அனபிலாக்சிஸ் என்றே கருத வேண்டும். குரல் கம்முவதும் விழுங்க முடியாமல் போவதும் தொண்டை அடைபடுவதன் அறிகுறிகள். சிலருக்குத் தடிப்பே வராமல் நேரடியாக மயக்கம் வரும். ரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்க நேரமில்லை; கண்ணால் பார்த்தே சிகிச்சையைத் தொடங்க வேண்டும். ரத்தத்தில் ‘டிரிப்டேஸ்’ அளவைப் பார்ப்பது பிற்பாடு நோயை உறுதிசெய்ய உதவும்.

முதல் மருந்து அட்ரினலின்

விரிந்த ரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை உயர்த்துவது, வீக்கத்தைக் குறைப்பது, மூச்சுக் குழாயைத் திறப்பது, மாஸ்ட் செல்கள் மேலும் ரசாயனம் கொட்டாமல் தடுப்பது ஆகிய நான்கையும் செய்யும் ஒரே மருந்து அட்ரினலின். உடல் எடையில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்பது அளவு. பெரியவர்களுக்கு அதிகபட்சம் 0.5 மில்லிகிராம். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 0.2 மில்லிகிராம்.

தொடையின் நடுப்பகுதியில், வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வில், தொடைத் தசையில் போட்ட மருந்து ரத்தத்தில் உச்ச அளவை எட்டச் சராசரியாக 8 நிமிடம் ஆனது. தோலுக்கடியில் போட்டபோது 34 நிமிடம். நிலைமை தேறாவிட்டால் 5 நிமிடத்துக்குப் பிறகு மறுபடியும் போடலாம். நரம்பில் நேரடியாகச் செலுத்தினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும் அபாயம் உண்டு. அதைத் தீவிர சிகிச்சையில் பழகிய மருத்துவர்கள், மானிட்டரைப் பார்த்தபடிதான் செய்ய வேண்டும்.

அவிலும் ஸ்டீராய்டும் போதாதா?

அலர்ஜி என்றதும் ‘ஒரு அவில், ஒரு டெக்ஸா’ என்று கேட்பது நம்மிடையே பழகிப்போனது. ஹிஸ்டமினைத் தடுக்கும் அவில், அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும். சரிந்த ரத்த அழுத்தத்தைத் தூக்காது, அடைத்த தொண்டையைத் திறக்காது. டெக்ஸா போன்ற ஸ்டீராய்டு வேலைசெய்யவே சில மணி நேரம் பிடிக்கும். இரண்டும் அட்ரினலினுக்குப் பிறகு வரலாம்; அதன் இடத்தில் வரக் கூடாது.

படுக்க வைப்பதும் சிகிச்சையே

நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துவார்கள். மூச்சுத் திணறல் அதிகமிருந்தால் சாய்ந்து உட்காரலாம். கர்ப்பிணிகளை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். நோயாளியைத் திடீரென எழுப்பி நிறுத்துவதோ நடக்கவைப்பதோ ஆபத்து. இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து துடிப்பே நின்றுவிடலாம். கூடவே ஆக்சிஜனும், நரம்பு வழியாக சலைன் திரவமும் ஏற்றுவார்கள். கசிந்துபோன நீரை ஈடுகட்ட, பெரியவர்களுக்கு லிட்டர் கணக்கில்கூடத் திரவம் தேவைப்படும். ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ ‘பீட்டா பிளாக்கர்’ மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அட்ரினலின் சரியாக வேலைசெய்யாமல் போகலாம். அப்போது குளுக்ககான் ஊசி கைகொடுக்கும். எனவே, சாப்பிடும் மாத்திரைகளை மறைக்காமல் சொல்லுங்கள்.

தேறிய பின்னும் ஏன் காத்திருக்கச் சொல்கிறார்கள்?

அடங்கிய ஒவ்வாமை சிலருக்குச் சில மணி நேரம் கழித்து மீண்டும் கிளம்பும். அதனால் குறைந்தது சில மணி நேரமும், நிலைமை மோசமாக இருந்தவர்களை ஒரு நாள் வரையிலும் கண்காணிப்பில் வைப்பார்கள். ‘சரியாகிவிட்டதே, கிளம்பலாம்’ என்று அவசரப்பட வேண்டாம்.

வீட்டுக்குப் போகும் முன்

ஒவ்வாமை தந்த மருந்தின் பெயரை டிஸ்சார்ஜ் சீட்டில் தெளிவாக எழுதி வாங்குங்கள்; கடைப் பெயரோடு மூலப் பெயரும் வேண்டும். ஒரே மருந்து பல பெயர்களில் விற்கப்படுகிறது. எந்தச் சிகிச்சைக்குப் போனாலும் அந்தச் சீட்டை முதலில் காட்டுங்கள். ‘டெஸ்ட் டோஸ்’ ஒத்துக்கொண்டால் ஆபத்தே இல்லை என்று அர்த்தமில்லை. ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள். பூச்சிக் கடியோ உணவோ காரணமென்றால், சில வாரங்கள் கழித்து ஒவ்வாமை நிபுணரிடம் பரிசோதித்துக்கொள்வது நல்லது. வீட்டில் மறுபடி அறிகுறி தெரிந்தால், மாத்திரை போட்டுப் பார்க்கலாம் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.