வீட்டு மரம் அறுக்க ஒரு பட்டை ரம்பம்

2016 டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் கரையைக் கடந்தபோது சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்தன. நம் ஊர்ப்பக்கம் ஒரு வேம்போ பூவரசோ சாய்ந்துவிட்டால் அது என்ன ஆகிறது? துண்டு துண்டாக வெட்டப்பட்டு விறகாகப் போகிறது. இரண்டரை மீட்டர் நீளமும் 40 செ.மீ. குறுக்களவும் உள்ள பச்சை அடிமரம் ஏறத்தாழ 280 கிலோ இருக்கும். அதைத் தூக்கி வண்டியில் ஏற்றி மரவாடிக்குக் கொண்டுபோகும் கூலியை நினைத்தாலே, கோடரிக்காரர் கேட்ட விலைக்குக் கொடுத்துவிடத் தோன்றும். ஆனால் காஞ்சிபுரமோ மரம் இல்லாமல் நடவாத ஊர். பட்டுத் தறியின் சட்டங்கள், பாவு சுற்றும் உருளைகள், கோயில் தேர், வாகனங்கள் எல்லாம் கோணாத மரத்தைக் கேட்பவை.

மரம் ஆலைக்குப் போவதற்குப் பதிலாக ஆலையே மரத்திடம் வந்தால் என்ன? வெளிநாடுகளில் இது பழகிப்போன செய்தி. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் 1982இல் தொடங்கிய வுட்-மைசர் என்ற நிறுவனம், வண்டியில் இழுத்துச் செல்லக்கூடிய பட்டை ரம்ப ஆலைகளை உலகெங்கும் பரப்பியது. அவற்றைப் பார்த்துத் தாமே செய்துகொண்டவர்களும் பலர். சிறிய மின்னோடி ஒன்றைக்கொண்டு நாமும் செய்ய முடியுமா? முடியும். ஆனால் அதில் எது கடினம் என்று நாம் நினைக்கிறோமோ அது கடினமன்று. நினையாத ஒன்றுதான் கடினம்.

முதலில் அமைப்பைக் காண்போம். இரண்டு சக்கரங்கள், அவற்றின்மீது மாலைபோல் மாட்டிய, முனைகள் ஒட்டப்பட்ட ஓர் எஃகுப் பட்டை, அதன் ஓரத்தில் பற்கள். ஒரு சக்கரத்தை மின்னோடி சுழற்றுகிறது. இவ்வளவும் ஒரு சட்டத்தில் பொருந்தி, தரையில் போட்ட இரு தண்டவாளங்கள்மேல் நகர்கின்றன. மரம் அசைவதில்லை, ரம்பம்தான் மரத்தின்மீது படுக்கை நிலையில் ஊர்ந்து செல்கிறது. ஒவ்வொரு பலகைக்கும் ரம்பத்தைச் சிறிது கீழே இறக்கிக்கொள்ள வேண்டும்.

பட்டை ரம்பம் என்ற எண்ணம் பழையது. இங்கிலாந்தில் வில்லியம் நியூபெரி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் பட்டையின் முனைகளை ஒட்டிய இடம் உடனே விட்டுப்போயிற்று. ஆன் பாலின் கிரெப்பேன் என்ற பிரெஞ்சுப் பெண்மணி 1846இல் நிலைக்கும் ஒட்டுமுறைக்குக் காப்புரிமை கேட்ட பிறகே அந்த எண்ணம் இயந்திரமாயிற்று. இன்றும் ஒட்டுதான் பட்டையின் நலிந்த இடம். நாமே பற்றவைத்துப் பார்க்காமல், ஒட்டிய பட்டையை வாங்குவதே நல்லது.

இனி ஆற்றலுக்கு வருவோம். 32 மி.மீ. அகலமும் 1 மி.மீ. தடிப்பும் கொண்ட பட்டையை எடுத்துக்கொள்வோம். பற்கள் வலமும் இடமுமாகச் சற்று விரிந்திருப்பதால் அது 2 மி.மீ. அகலத்துக்கு மரத்தைத் தூளாக்கும். வட்ட ரம்பம் இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு மரத்தைத் தின்னும். மரத்தைத் தின்பது மட்டுமன்று, தின்பதற்கு மின்சாரமும் செலவழிக்கும்! ஒரு கன செ.மீ. மரத்தைத் தூளாக்க 60 ஜூல் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இது மரத்துக்கு மரம் மாறும். பல் மழுங்கினால் ஏறும். 2 குதிரைத்திறன் மின்னோடி தரும் 1,500 வாட்டில் வார், தாங்கிகளின் உராய்வு போக 1,200 வாட் பல்லுக்குக் கிடைத்தால், நொடிக்கு 20 கன செ.மீ. அறுபடும். 30 செ.மீ. அகலமுள்ள மரத்தில் அறுப்பின் முகப்பு 6 சதுர செ.மீ. ஆகவே ரம்பம் நொடிக்கு 3.3 செ.மீ., அதாவது நிமிடத்துக்கு 2 மீட்டர் முன்னேறும். இரண்டரை மீட்டர் மரத்தில் ஒரு பலகை ஒன்றேகால் நிமிடம்! முன்பு ஒருவர் குழியிலும் ஒருவர் மேலுமாக நின்று பெருவாள் இழுத்தார்களே, அப்படிப்பட்ட இருவர் சேர்ந்து தொடர்ந்து தரும் திறன் 150 வாட்டைத் தாண்டுவது அரிது.

பட்டை நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று கொண்டால், அதன் திசையில் மரம் கொடுக்கும் எதிர்ப்பு எவ்வளவு? 1,200ஐ 20ஆல் வகுங்கள்: 60 நியூட்டன். வெறும் 6 கிலோ எடை! ஒரு குடம் தண்ணீரைவிடக் குறைவு. ஆனால் இதே பட்டையைச் சக்கரங்களுக்கிடையே 400 கிலோ எடைக்குச் சமமான இழுவிசையில் முறுக்கி வைக்க வேண்டும் என்கிறார்கள் தொழில் தெரிந்தவர்கள். 6 கிலோ வேலைக்கு 400 கிலோ இழுப்பு எதற்கு?

காஞ்சிபுரத்தாருக்கு இதை விளக்குவது எளிது. பாவு தளர்ந்தால் நெசவு என்ன ஆகும்? இழையின் வலிமை குறையாமலே துணி கெட்டுவிடும். பட்டையும் அப்படித்தான். ஒரு மி.மீ. தகடு பக்கவாட்டில் வளையக்கூடியது. மரத்தில் ஒரு கணு எதிர்ப்பட்டால் அது பட்டையைப் பக்கவாட்டில் தள்ளும்; பலகை அலையலையாக வரும். வீணைத் தந்திபோல் இழுத்துக் கட்டினால்தான் பட்டை நேரே நிற்கும். தந்தியின் நடுவில் தள்ளினால் அது விலகும் தூரம், தள்ளும் விசையை நீளத்தால் பெருக்கி, இழுவிசையின் நான்கு மடங்கால் வகுத்த அளவு. வழிகாட்டும் உருளைகளுக்கு இடையில் 40 செ.மீ. இருந்து, கணு 20 நியூட்டன் விசையால் தள்ளினால், 4,000 நியூட்டன் இழுவிசையில் விலகல் அரை மி.மீ.; 1,000 நியூட்டனில் 2 மி.மீ. அந்தச் சூத்திரத்திலேயே இன்னொரு வழியும் இருக்கிறது, செலவில்லாத வழி: சிறிய மரம் அறுக்கும்போது உருளைகளை மரத்துக்கு அருகே கொண்டுவாருங்கள். இடைவெளி பாதியானால் விலகலும் பாதி.

பட்டைக்கு மேலோட்டம் ஒன்று, கீழோட்டம் ஒன்று. ஆகவே சக்கரங்களை விலக்கி வைக்க 8,000 நியூட்டன் வேண்டும். பதினாறு சிமெண்டு மூட்டைகளின் எடை! சட்டத்தைத் தடித்த இரும்பில் செய்யச் சொல்வது இதற்காகவே. இழுப்பதற்கு ஒரு தடித்த திருகாணியே போதும். திருகாணியின் இயந்திர லாபம் நீங்கள் பாடத்தில் படித்ததுதான்.

இனி வருவதுதான் பலர் நினையாதது. 4 மீட்டர் நீளப் பட்டையை இவ்வளவு இழுத்தால் எவ்வளவு நீளும்? தகைவு ஒரு சதுர மி.மீ.க்கு 150 நியூட்டன். எஃகின் யங் குணகம் 2 லட்சம். கணக்கிட்டால் 3 மி.மீ. 400 கிலோ இழுவிசை முழுதும் இந்த 3 மில்லிமீட்டரில்தான் குடியிருக்கிறது. இப்போது அறுக்கத் தொடங்குகிறோம். பட்டை சூடேறுகிறது. 30 டிகிரி ஏறினால் 4 மீட்டர் எஃகு 1.4 மி.மீ. நீளும். இழுவிசையில் ஏறத்தாழ பாதி ஆவியாய்ப் போயிற்று! காலையில் நேராக அறுத்த ரம்பம் சிறிது நேரத்தில் கோணலாக அறுப்பதன் மர்மம் இதுவே. குற்றத்தை மின்னோடியின்மேல் போட்டு, அதைவிடப் பெரிதாக ஒன்று வாங்குகிறவர்கள் உண்டு, வீண் செலவு. திருகாணிக்கும் சக்கரத்துக்கும் நடுவே கெட்டியான சுருள்வில்லை வையுங்கள். பட்டை நீண்டால் வில் நீண்டு ஈடுகட்டும். பட்டையின்மேல் சோப்புத் தண்ணீர் சொட்டவிட்டால் சூடும் குறையும், பிசினும் ஒட்டாது. வேலை முடிந்ததும் திருகாணியைத் தளர்த்திவிட வேண்டும். இல்லாவிட்டால் குளிரும் பட்டை சுருங்கித் தன்னையும் தாங்கிகளையும் வருத்தும்.

சக்கரம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? பட்டை சக்கரத்தின்மேல் வளையும்போது அதன் வெளிப்புறம் இழுபடுகிறது. 450 மி.மீ. சக்கரத்தில் அந்தத் தகைவு சதுர மி.மீ.க்கு 444 நியூட்டன், 300 மி.மீ. சக்கரத்தில் 667. நம் பட்டை நொடிக்கு ஐந்து முறை சுற்றி, சுற்றுக்கு இருமுறை வளைந்து நிமிர்கிறது. மணிக்கு 36,000 வளைவுகள். கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்பது போன்ற களைப்பு இது. பட்டை தேய்ந்து சாவதில்லை, களைத்துச் சாகிறது. ஆதலால் 450 மி.மீ.க்குக் குறையாதிருப்பது நலம். 1,440 சுற்று மின்னோடியில் 100 மி.மீ. கப்பியும் சக்கரத்தில் 170 மி.மீ. கப்பியும் போட்டால் நாம் கேட்ட வேகம் கிடைக்கும்.

வேகம் என்றேனே, நொடிக்கு 20 மீட்டர் என்பது மணிக்கு 72 கிலோமீட்டர். அறுந்த பட்டை அந்த வேகத்தில் வெளியே பாயும். சக்கரங்கள் ஒவ்வொன்றும் விளிம்பில் 8 கிலோ இருந்தால் இரண்டும் சேர்ந்து 3,200 ஜூல் வைத்திருக்கின்றன. சுவிட்சை அணைத்த பிறகும் சுற்றிக்கொண்டே இருக்கும். அறுக்கும் இடம் தவிர மற்ற இடமெல்லாம் தகரத்தால் மூடாமல் ஒருமுறைகூட ஓட்டாதீர்கள். தண்ணீர் சொட்டும் இயந்திரமாதலால் நல்ல நிலத்தொடர்பும், மின்கசிவில் தானே அணையும் சுவிட்சும் கட்டாயம். தெருவோர மரமானால் ஆணியையும் தேடுங்கள். விளம்பரப் பலகைக்கு அடித்த ஆணியை மரம் தன்னுள் விழுங்கி மறைத்திருக்கும்.

இரும்பு வாங்குமுன் இன்னொன்று. மின்விசையால் மரம் அறுக்கும் இடம் சட்டத்தின் பார்வையில் மர அறுவை ஆலைதான். கோதவர்மன் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைக்குப் பின் இவை கடுமையாகக் கண்காணிக்கப்படுகின்றன. 2016இல் மத்திய அரசு வழிகாட்டு நெறிகளும் வகுத்தது. சிறியது, வீட்டில் செய்தது என்பதற்காக விலக்குக் கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். மாவட்ட வன அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

அறுத்த பலகை உடனே தறிக்கு ஆகாது. ஈரம் போகும்போது சுருங்கிக் கோணும். அறுக்கக் காலம் தாழ்ந்தால் மரத்தைத் தண்ணீரில் முழுக்க மூழ்கவிடலாம். பிராணவாயு எட்டாததால் பூஞ்சை பிடிக்காது, வெடிப்பும் விடாது. 1979க்குப் பின் 2019இல் அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளிய அத்திவரதரைக் கண்டவர்களுக்குச் சான்று வேறு வேண்டுமா? அறுத்த பின், பலகைகளின் முனைகளுக்கு வண்ணம் பூசி, நடுநடுவே ஒரே தடிப்புள்ள குச்சிகள் வைத்து, நிழலில் அடுக்குங்கள். ஒரு பலகையை மட்டும் வாரந்தோறும் நிறுத்துக் குறித்து வாருங்கள். தொடர்ந்து சில வாரங்கள் எடை குறையாமல் நின்றால் தச்சருக்குச் சொல்லி அனுப்பலாம்.